மலையின் நாடி

தென்காசி மாவட்டத்தின் வடபகுதியில், செம்மண்ணும் கரிசலும் அடுத்தடுத்து அமைந்த சமவெளியில் சங்கரன்கோவில் என்னும் ஊர் உள்ளது. அரியும் அரனும் ஓருருவாய் நிற்கும் கோயிலாலும், ஆடித் தபசுத் திருவிழாவாலும் அவ்வூர் தமிழகமெங்கும் பெயர் பெற்றது. திருவிழா நாளில் தெருவெல்லாம் மக்கள் நிறைந்திருப்பர். ஆனால் ஊரைச் சுற்றியுள்ள குளங்கள் அக்காலத்தில் பெரும்பாலும் வறண்டே கிடக்கும். மேற்கே நோக்கினால் மலைத்தொடர் நீலச் சுவர்போல் நெடுந்தொலைவு நீண்டிருப்பது தோன்றும். அதன் முகட்டில் ஆனி, ஆடித் திங்கள்களில் முகில்கள் கவிந்திருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று கொணரும் மழையின் பெரும்பகுதி மலையின் மேற்குப் புறத்திலேயே பொழிந்துவிடுகிறது. கீழைச் சமவெளிக்கு எட்டுவன காற்றும் சிறு சாரலுமே. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்தாலன்றி இப்பகுதியின் குளங்கள் நிறைவதில்லை. இவ்விரு மழைகளையும் ஏற்றுத் தன்னுள் வைத்திருந்து, சிறிது சிறிதாகக் கீழே விடுவது மலைக்காடு.

சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி ஆகிய ஊர்களுக்கு மேற்கேயுள்ள சரிவுகளிலிருந்து ஓடைகள் பல இறங்குகின்றன. நிட்சேப நதி முதலிய சிற்றாறுகள் சமவெளியைக் கடந்து வைப்பாற்றோடு கலக்கின்றன. வைப்பாறு மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது. சிவகிரி மலையின் மறுபுறத்தில் தோன்றும் பெரியாறோ மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலை நாடுகிறது. ஒரே முகட்டில் அருகருகே விழும் இரு மழைத்துளிகளுள் ஒன்று கீழ்க்கடலுக்கும் மற்றொன்று மேற்கடலுக்கும் உரியதாகிவிடும். இவ்வாறு ஓர் ஓடைக்கு நீரளிக்கும் நிலம் முழுவதையும் அவ்வோடையின் நீர்ப்பிடிப்புப் பகுதி என்பர்.

இம்மலைகள் இன்று சட்டத்தின் காவலில் உள்ளன. 2015-ஆம் ஆண்டில் நெல்லை வனவிலங்குச் சரணாலயம் அமைந்தது. வடக்கே அதனை அடுத்த காடுகள் 2021-ஆம் ஆண்டில் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. எனினும் எல்லை வகுத்துக் காவல் வைத்த அளவில் கெட்ட காடு தானே தேறிவிடும் என்று கொள்வதற்கில்லை. நெருப்புத் தின்ற சரிவுகள் உண்டு. அயல்நாட்டிலிருந்து வந்த உண்ணிச்செடி புதராய் அடர்ந்து, பிற கன்றுகளை எழவிடாமல் மூடிய இடங்கள் உண்டு. கால்நடைகளின் குளம்பு பட்டு மண் இறுகிய தடங்களும் உண்டு. இவற்றைச் சீர்செய்தல் வேண்டும் என்பதில் எவருக்கும் மாறுபாடு இல்லை. எதனை எங்கே செய்வது, செய்தபின் அது நன்மை தந்ததா தீமை தந்ததா என்று எவ்வாறு அறிவது என்பவையே கடினமான கேள்விகள்.

சித்த மருத்துவர் நோயாளியைக் கண்டவுடன் மருந்தை எடுத்து நீட்டுவதில்லை. முதலில் கையைப் பற்றி நாடி பார்ப்பார். மருந்து கொடுத்தபின்பும் மீண்டும் பார்ப்பார். முன்பு பார்த்த நாடி நினைவில் இருப்பதால்தான் பின்பு பார்த்த நாடிக்குப் பொருள் உண்டாகிறது. காட்டைச் சீர்செய்யப் புகுவோரும் தம் பணியைத் தொடங்குவதற்கு முன் அந்நிலத்தின் மழை, நீரோட்டம், மண், மரஞ்செடிகள், உயிர்கள் ஆகியவற்றை ஒழுங்காக அளந்து எழுதி வைத்தல் வேண்டும். இதனைத் தொடக்கநிலைப் பதிவு எனலாம். கேட்பதற்கு எளிதாயினும், நடைமுறையில் பெரிதும் கைவிடப்படுவது இதுவே. கன்று நடும் விழாவிற்குக் கூட்டம் கூடும். ஓடையில் நீரளக்க யாரும் கூடுவதில்லை.

இப்பதிவு இல்லாவிடில் மழை மனிதரை எளிதில் ஏமாற்றிவிடும். ஒரு மலைச்சரிவில் ஓராண்டில் ஆயிரக்கணக்கான கன்றுகள் நடப்பட்டன என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டு நல்ல மழை பெய்கிறது. தை மாதத்தில் வற்றும் ஓடை பங்குனி வரை ஓடுகிறது. கன்றுகள் நீரைக் கொணர்ந்தன என்று ஊரார் மகிழ்கின்றனர். மூன்றாம் ஆண்டு மழை பொய்க்கிறது. ஓடை மார்கழியிலேயே நின்றுவிடுகிறது. அதே ஊரார், கன்றுகள் நீரைக் குடித்துவிட்டன என்று சினங்கொள்கின்றனர். முன்னர் மகிழ்ந்ததற்கும் பின்னர்ச் சினந்ததற்கும் சான்று இல்லை. விரலளவேயுள்ள கன்று இரண்டாண்டில் ஓர் ஓடையை வாழ்விக்கவும் செய்யாது, வற்றச் செய்யவும் மாட்டாது. கூடியதும் குறைந்ததும் மழையின் செயல்கள்.

மழையின் செயலையும் மனிதரின் செயலையும் பிரித்தறிவதற்கு அறிஞர் கண்ட வழி மிக எளியது. பரப்பிலும் சரிவிலும் மண்ணிலும் தம்முள் ஒத்த இரு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை அருகருகே தேர்ந்தெடுப்பர். இரண்டிலும் யாதொரு மாற்றமும் செய்யாமல் சில ஆண்டுகள் மழையையும் ஓடைநீரையும் அளப்பர். ஒன்றில் பத்துப் பங்கு நீர் ஓடும்போது மற்றொன்றில் ஒன்பது பங்கு ஓடுவது வழக்கம் எனத் தெளிந்ததாகக் கொள்வோம். அதன்பின் ஒன்பது பங்கு உடையதில் மட்டும் மரம் நடுவதோ வெட்டுவதோ செய்து, மற்றொன்றைத் தொடாமல் விட்டுவிடுவர். மழை மிகுந்தால் இரண்டிலும் மிகும். குறைந்தால் இரண்டிலும் குறையும். பத்துக்கு ஒன்பது என்ற அந்த உறவு மாறுமாயின், அம்மாற்றமே மனிதர் செய்த வேலையின் பயன். தொடாமல் விட்ட பகுதி வழக்கில் சாட்சி நிற்பதைப்போல நிற்கிறது.

இவ்வுண்மை ஒரே நாளில் விளங்கிவிடவில்லை. 1903-ஆம் ஆண்டளவில் சுவிட்சர்லாந்தின் எம்மென்டால் பகுதியில் இரு சிறு பள்ளத்தாக்குகளில் நீரளக்கத் தொடங்கினர். ஒன்று ஏறத்தாழ முழுவதும் காடு. மற்றொன்றில் பெரும்பகுதி மேய்ச்சல் நிலம். வெள்ளமும் வறட்சியும் இரண்டிலும் வேறுபட்டன. அவ்வேறுபாடு காட்டினால் உண்டானதா, இரு பள்ளத்தாக்குகளின் மண்ணும் பாறையும் முதலிலிருந்தே வேறுபட்டிருந்ததால் உண்டானதா என்ற ஐயம் எழுந்தபோது, அதனை முற்றும் தீர்க்க வழியில்லாது போயிற்று. இரண்டும் ஒரே நிலையில் இருந்த காலத்து அளவு எவரிடமும் இல்லை. சில ஆண்டுகளுக்குப்பின் அமெரிக்க ஐக்கிய நாடுகளில், கொலராடோ மலைகளிலுள்ள வாகன் வீல் கேப் என்னுமிடத்தில், இக்குறையை நீக்கி ஓர் ஆய்வு தொடங்கப்பெற்றது. 1910-ஆம் ஆண்டு முதல் இரு பகுதிகளையும் தொடாமல் அளந்துவந்து, 1919-ஆம் ஆண்டில்தான் ஒன்றிலிருந்த காட்டை வெட்டினர். 1926-ஆம் ஆண்டு வரை அளவு தொடர்ந்தது. மரங்களை வெட்டிய பகுதியில் ஆண்டுதோறும் ஓடிய நீர் ஏறத்தாழ ஓர் அங்குலம் மிகுந்தது. மரமும் நீர் பருகும் என்ற செய்தி, கணக்கோடு உலகிற்குக் கிடைத்தது.

தமிழகத்திலும் இத்தகைய ஆய்வு ஒன்று நிகழ்ந்தது. பலர் அறியாத அவ்வாய்வைச் சற்று விரிவாகக் காண்பது பயனுடையது.

நீலகிரியின் உயர்ந்த பகுதிகளில் இயற்கை இருவகை நிலங்களை அருகருகே வைத்துள்ளது. பள்ளங்களில் குட்டையான, அடர்ந்த சோலைக்காடுகள். மேடுகளிலும் சரிவுகளிலும் பரந்த புல்வெளிகள். புல்வெளியைக் கண்ட அயலார் பலர், மரம் இல்லாத வெற்றுநிலம் என்றே அதனை மதித்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து தைல மரம் கொணரப்பட்டது. நீலகிரி மக்கள் அதனைக் கற்பூர மரம் என்பர். விறகுக்கும் எண்ணெய்க்கும் ஆலைகளுக்கும் பயன்பட்டமையால் அது பெருகியது. வெறுமையாகக் கிடந்த மலையைப் பசுமையாக்கினோம் என்று நட்டவர் நம்பினர். அவர்தம் நோக்கத்தில் குற்றம் காண்பதற்கில்லை.

அம்மரம் மலையின் நீரை என்ன செய்கிறது என்பதை அறிய, உதகமண்டலத்திலுள்ள மண், நீர் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தார் கிளென்மார்கன் என்னுமிடத்தில் இரு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளைத் தேர்ந்தனர். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 32 எக்டேர், அதாவது 80 ஏக்கர் அளவினது. இரண்டிலும் புல்வெளியும் சோலையும் சதுப்பும் இயற்கையாக அமைந்திருந்தன. 1968 முதல் 1971 வரை நான்கு ஆண்டுகள் ஒரு கன்றும் நடாமல் மழையையும் நீரையும் அளந்தனர். நட வந்தவர்கள் நான்கு ஆண்டுகள் நடாமல் இருந்தனர் என்பது கருதத்தக்கது. 1972-ஆம் ஆண்டில் ஒரு பகுதியின் பரப்பில் நூற்றுக்கு 59 பங்கு தைல மரம் நடப்பெற்றது. மற்றொன்று முன்போலவே விடப்பெற்றது.

பத்தாண்டுகள் கழித்துக் கணக்குப் பார்த்தபோது, மரம் நட்ட பகுதியின் ஆண்டு நீர்வரவு சராசரியாக நூற்றுக்கு 16 பங்கு குறைந்திருந்தது. உயரக்கணக்கில் அது 87 மில்லிமீட்டர். இவ்வெண் சிறிதாகத் தோன்றலாம். ஒரு மில்லிமீட்டர் நீர் ஓர் எக்டேரின்மேல் நிற்குமாயின் அது 10,000 லிட்டர் ஆகும். ஆகவே எக்டேர் ஒன்றுக்கு ஆண்டுதோறும் 8 இலட்சத்து 70 ஆயிரம் லிட்டர் நீர் ஓடைக்கு வாராமற் போயிற்று. அம்மரங்களை வெட்டியபின் அடிக்கட்டையிலிருந்து மறுதாம்பாகத் தழைத்த இரண்டாம் சுற்றில் இழப்பு இன்னும் மிகுந்து, நூற்றுக்கு 25 பங்கை எட்டியது. பெருமழையின்போது பாயும் வெள்ளத்தின் வேகம் தணிந்தது என்னும் நன்மையும் கண்டறியப்பட்டது. ஆனால் நீர் மிகத் தேவைப்படும் வறண்ட காலத்து ஓட்டமும் உடன் குறைந்தது. நீலகிரியின் ஓடைகள் மின்னாக்க நீர்த்தேக்கங்களை நிரப்புவன ஆதலின், இச்செய்தி வெறும் ஏட்டுச் செய்தியாக நிற்கவில்லை.

முதல் நான்கு ஆண்டு அளவுகள் இல்லாதிருந்தால் இதில் ஒன்றையும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. நீர் குறைந்தது மழைக் குறைவால் என்று ஒருவரும், அப்பகுதி முதலிலிருந்தே அப்படித்தான் என்று மற்றொருவரும் வாதிட்டிருப்பர்.

இதனால் மரமே தீது என்று முடிவு கட்டுவது பெரும்பிழை. புல்வெளியாக இருந்த இடத்தில் விரைந்து வளரும் அயல்மரத்தை நட்டதன் பயன் அது. அழிந்துபோன சோலையின் இடத்தில் சோலை மரங்களை மெல்ல வளர்ப்பது வேறு செயல். அதன் பயனும் வேறாகலாம். எந்த இடம் காடாக இருந்து கெட்டது, எந்த இடம் இயற்கையிலேயே புல்வெளி என்று பிரித்துணர்வதே தொடக்கநிலைப் பதிவின் முதற்பணி. சிவகிரி மலையில் மரமற்ற ஒரு சரிவைக் காண்பவர் உடனே கடப்பாரையை எடுத்துவிடாமல், அங்கே புல் ஏன் உள்ளது என்று கேட்டறிதல் வேண்டும்.

இனி, இவ்வளவுகளை எடுக்கும் முறையைக் காண்போம். அவற்றுள் தலையாயது ஓடைநீரை அளத்தல். ஓடையின் குறுக்கே உறுதியான சிறு சுவர் ஒன்று எழுப்பி, அதன் நடுவில் தலைகீழ் முக்கோணமாக ஒரு வாய் அமைப்பர். நீர் முழுவதும் அவ்வாயின் வழியே வழியும். வழியும் நீரின் உயரத்தைப் பார்த்தால், நொடிக்கு எத்தனை லிட்டர் செல்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். இங்கு ஒரு நுட்பம் உண்டு. உயரம் இருமடங்கானால் நீர் இருமடங்காவதில்லை. ஐந்தரை மடங்கிற்கும் மேலாகிறது. வாய் மேலே செல்லச்செல்ல அகல்வதே காரணம். ஆதலால் உயரத்தை அளப்பதில் செய்யும் சிறு தவறு கணக்கில் பெரிதாகிவிடும். சிறுநீர் ஓடும் கோடையிலும் இம்முக்கோண வாய் நுண்மையாக அளக்கும் என்பதே அதனைத் தேர்ந்ததற்குக் காரணம். முற்காலத்தில் ஒரு மிதவையும், கடிகாரத்தால் சுழலும் உருளையும், அதன்மேல் சுற்றிய தாளில் கோடு வரையும் பேனாவும் இவ்வேலையைச் செய்தன. இக்காலத்தில் நீரின் அழுத்தத்தை உணரும் மின்கருவி சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானே குறித்துக்கொள்கிறது. கருவி வாங்க இயலாத இடத்தில் எண்கள் எழுதிய மரக்கோல் ஒன்றை ஓடையில் நட்டு, நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒருவர் பார்த்து எழுதினாலும் போதும். நாள் தவறாமையே அங்கு வேண்டுவது.

மழையையும் மலையிலேயே அளத்தல் வேண்டும். சங்கரன்கோவிலில் வைத்த மழைமானி மலைமுகட்டின் மழையைச் சொல்லாது. ஒரே ஓடையின் அடியிலும் இடையிலும் தலையிலும் பெய்யும் மழை வேறுவேறாக இருக்கும். ஆதலின் சரிவில் ஏறிச் செல்லும் வழியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல மானிகள் வைப்பர்.

ஓடைநீரோடு மண்ணும் இறங்குகிறது. குப்பியில் நீரெடுத்து வடிகட்டி, தங்கிய மண்ணை உலர்த்தி நிறுத்தால் லிட்டருக்கு இத்தனை கிராம் என்று அறியலாம். ஓராண்டில் இறங்கும் மண்ணின் பெரும்பகுதி சில பெருமழை நாள்களிலேயே இறங்கிவிடும். வெயில் நாளில் மட்டும் குப்பியோடு செல்பவர், தெளிந்த ஓடை என்று எழுதிவிட்டு வருவார். கீழே குளமோ ஆண்டுதோறும் மேடிட்டுக்கொண்டிருக்கும். மண் நீரை உறிஞ்சும் விரைவைக் காண இரும்பு வளையம் ஒன்றைத் தரையில் அழுத்தி, அதனுள் நீரூற்றி, அது உள்ளிறங்கும் நேரத்தைக் கணக்கிடுவர். சருகு மூடிய காட்டுத்தரையில் ஊற்றிய நீர் கண்முன்னே மறையும். மாடு மிதித்த தடத்தில் நெடுநேரம் நிற்கும்.

மரங்களை எண்ணுவதற்கு மலை முழுவதும் அலைய வேண்டுவதில்லை. சதுரமான சிறு பரப்புகளை ஆங்காங்கே வகுத்து, அவற்றிலுள்ள ஒவ்வொரு மரத்தின் பெயரையும், தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் அதன் சுற்றளவையும் எழுதுவர். ஒரே உயரத்தில் அளந்தால்தான் பின்வருவோர் அளப்பதோடு ஒப்பிட முடியும். பெருமரங்களைவிடச் சிறு கன்றுகளின் கணக்கே முதன்மையானது. வானளாவிய மரங்கள் நிறைந்து, கீழே ஒரு கன்றும் இல்லாத காடு, முதியோர் மட்டும் வாழும் ஊரைப் போன்றது. இதற்கு மாறாக, உண்ணிச்செடிப் புதரை விலக்கிப் பார்க்கும்போது நாட்டு மரங்களின் கன்றுகள் அடியில் உயிரோடு காத்திருப்பதும் உண்டு. அத்தகைய இடத்தில் புதரை வேரோடு அகற்றினால் போதும். பதிவு செய்யாமல் அங்கே குழி தோண்டிப் புதுக்கன்று நடுவோர், பணத்தையும் இழந்து, இருந்த கன்றுகளையும் மிதித்து அழிப்பர்.

உயிரினங்களைக் கணக்கெடுக்கும் முறைகள் பல. விலங்குகளுக்குத் தானியங்கிப் புகைப்படக் கருவிகளும், பறவைகளுக்கு விடியற்காலத்துக் கண்ணும் செவியும் பயன்படும். ஓடைக்கல்லைப் புரட்டினால் அதன் அடியில் ஒட்டி வாழும் சிறு பூச்சிகளின் இளம்பருவங்களைக் காணலாம். அவற்றுள் சில தூய, குளிர்ந்த நீரிலன்றி வாழா. எனவே அவை இருத்தலும் இன்மையும் நீரின் தன்மையைக் கூறும். திருவில்லிபுத்தூர் மலைகளுக்குப் புகழ் தந்த சாம்பல் நிற அணில் மரத்துக்கு மரம் தாவி வாழ்வது. அதனைப் பொருத்தவரை மரங்களின் எண்ணிக்கையினும் கிளைகள் ஒன்றோடொன்று தொடும் இடங்களின் கணக்கே பயனுடையது.

இன்னது பின்னாளில் உதவும் என்று முன்கூட்டியே முழுமையாக அறிய இயலாது. அமெரிக்காவில் ஹப்பர்டு புரூக் என்னும் காட்டில், ஓடைக்கு வரும் சத்துப்பொருள்களின் கணக்கிற்காக 1963-ஆம் ஆண்டில் மழைநீரை ஆராயத் தொடங்கினர். மழைநீர் அளவுக்கு மிஞ்சிப் புளித்திருப்பதைக் கண்டனர். அமிலமழை என்று பின்னர் உலகறிந்த தீங்கு அந்நாட்டில் தெளிவுற்றதற்கு அக்கணக்கு பெரிதும் உதவியது. அதனைத் தேடி எவரும் மானி வைக்கவில்லை.

கருவியால் அளக்க இயலாத பதிவும் உண்டு. இம்மலைகளில் தலைமுறை தலைமுறையாக வாழும் பளியர், எந்த ஊற்று எந்தக் கோடையிலும் வற்றாது, எந்த ஊற்று முன்பு இருந்து மறைந்தது, எந்த மரத்தில் தேன் மிகும் என்பவற்றை அறிவர். மலையடிவாரத்து உழவரோ தம் குளம் எந்தெந்த ஆண்டில் நிறைந்து மறுகால் பாய்ந்தது என்பதைத் திருமணங்களோடும் பஞ்சங்களோடும் சேர்த்து நினைவில் வைத்திருப்பர். இவற்றைப் பெயரோடும் நாளோடும் கேட்டெழுதுவது பதிவின் ஒரு பகுதியே. சமவெளி நீர்நிலைகளைப் பொருத்தவரை நல்ல முன்மாதிரியும் இப்பகுதியிலேயே உண்டு. மணிமுத்தாற்றிலுள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையத்தார் தன்னார்வலர் பலருடன் கூடி, 2011-ஆம் ஆண்டு முதல் தாமிரபரணிப் பகுதிக் குளங்களில் நீர்ப்பறவைகளை எண்ணி வருகின்றனர்.

காட்டைச் சீர்செய்வதாயின் எந்த நிலைக்குச் சீர்செய்வது என்ற கேள்வி எஞ்சுகிறது. இதற்குக் கெடாத காடு ஒன்று அருகில் வேண்டும். சங்கரன்கோவிலுக்குத் தெற்கே, களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தினுள் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்கள் உள்ளன. சிங்கம்பட்டி ஜமீன் நிலம் 1929-ஆம் ஆண்டில் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டு, மழைக்காடு திருத்தப்பட்டுத் தோட்டமாயிற்று. காடு திருத்துமுன் அங்கே ஓடைகள் எவ்வளவு நீர் தந்தன, எத்தனை வகை மரங்கள் நின்றன என்று எவரும் அளந்து வைக்கவில்லை. ஆயினும் அதனை அடுத்த கக்காச்சிக் காட்டில் 1990-களில் ஆராய்ச்சியாளர் மரங்களை வகைவாரியாக அளந்து வெளியிட்ட கணக்கு உள்ளது. இழந்த காட்டின் சாயலை அதனைக் கொண்டு ஒருவாறு ஊகிக்கலாம். ஆனைமலைப் பகுதியில், வால்பாறைத் தோட்டங்களிடையே சிதறிக் கிடந்த மழைக்காட்டுத் துண்டுகளைச் சீர்செய்வோரும் இவ்வாறே ஒப்பிட்டனர். நாட்டு மரக்கன்று நட்ட இடம், நடாமல் விட்ட இடம், கெடாத காடு என்ற மூன்றையும் அருகருகே வைத்து அளந்தனர். நடாமல் விட்ட இடத்தையும் சேர்த்து அளந்தமையால், இயற்கை தானே செய்தது எவ்வளவு, மனிதர் செய்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடிந்தது.

2025-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இந்திய உச்ச நீதிமன்றம் அகத்தியமலைப் பரப்பு முழுவதையும் ஆய்ந்தறியுமாறு மத்திய அதிகாரக் குழுவிற்கு ஆணையிட்டது. பெரியாறு புலிகள் காப்பகம், திருவில்லிபுத்தூர், மேகமலை, திருநெல்வேலிச் சரணாலயங்கள் ஆகியவை அவ்வாணையில் அடங்கும். காட்டிற்கு ஒவ்வாத செயல்கள் நடக்குமிடங்களைக் கண்டறிதலும், முன்பிருந்த காட்டின் பரப்பை இன்று எஞ்சியுள்ளதனோடு ஒப்பிடுதலும், மீட்டெடுக்கும் வழிகளைக் கூறுதலும் அக்குழுவின் பணிகளாகக் குறிக்கப்பட்டன. மீட்பதற்கு முன் அளத்தல் என்னும் முறை, சங்கரன்கோவிலின் மேற்கு மலைகளைப் பொருத்தவரை இவ்வாறு சட்டத்தின் வாயிலாகவும் வந்துள்ளது. செயற்கைக்கோள் படங்கள் காட்டின் பரப்பை நன்கு காட்டும். ஆனால் மேலிருந்து பார்க்கையில் உண்ணிச்செடிப் புதரும் பச்சை, சோலையும் பச்சை. ஓடைக்கரையில் இறங்கி அளப்போர் இன்றி அவ்வாய்வு நிறைவுறாது.

அளந்துகொண்டே இருந்தால் மலை கரைந்துபோகும் என்று சிலர் கூறுவர். அக்கூற்றில் நியாயம் இல்லாமல் இல்லை. நெருப்பைத் தடுத்தல், புதிய அழிவை நிறுத்தல், உடைந்த கரையைக் கட்டுதல் ஆகியவற்றிற்கு எந்தப் பதிவும் காத்திருக்க வேண்டியதில்லை. அவை உடனே செய்யத்தக்கன. பல சதுர மைல் பரப்பில் கன்று நடுதல், ஓடை தோறும் தடுப்பணை கட்டுதல் போன்ற, எளிதில் திரும்பப் பெற இயலாத பெருஞ்செயல்களுக்கே முன்னளவு இன்றியமையாதது. செலவும் பெரிதன்று. ஓடையில் ஒரு சுவர், சில மானிகள், நாள்தோறும் சென்று எழுதும் ஓர் ஆள் என்பவற்றின் செலவு, தவறான இடத்தில் நட்டுப் பட்டுப்போன கன்றுகளின் செலவை நோக்கச் சிறிதே. காத்திருக்கும் பொறுமையே அரிய பொருள். ஆண்டுக்கணக்கு மார்ச்சோடு முடிவதால், அதற்குள் பணத்தைச் செலவிட வேண்டிய அலுவலகங்களுக்கு அது இன்னும் அரிது.

இம்மலைகளில் ஆண்டுக்கு இருமுறை மழைக்காலம் வருவதால், ஓராண்டு அளவு போதாது. மழை மிகுந்த ஆண்டு ஒன்றும் குறைந்த ஆண்டு ஒன்றும் உள்ளடங்க மூன்று அல்லது நான்கு ஆண்டுகளேனும் வேண்டும். தென்மேற்குப் பருவம் தொடங்கு முன், ஓடைகள் சிறுத்துக் கிடக்கும்போதே சுவரும் அளவுகோலும் அமைத்துவிடுதல் நலம். முதல் வெள்ளம் வந்தபின் கட்டப் புகுவோர் அவ்வாண்டின் கணக்கை இழப்பர். எழுதிய ஏட்டின் படிகள் வனத்துறை அலுவலகத்தில் ஒன்றும் மலையடிவார ஊராட்சிகளில் ஒன்றுமாக இருக்க வேண்டும். அவ்வேட்டின் வலப்பக்கத்தில் ஒரு பத்தியைச் சமவெளிக்கு ஒதுக்கி, சங்கரன்கோவில் வட்டத்துக் குளங்களுக்கு நீர் வந்த நாள், மடை திறந்த நாள், மறுகால் பாய்ந்த நாள் ஆகியவற்றையும் எழுதி வருதல் வேண்டும். மறுகால் பாயாத ஆண்டில் அவ்விடத்தை வெறுமையாக விடாமல், பாயவில்லை என்றே எழுதுவர்.